திருநீற்றுப் புதனும் நீலச் சட்டையும்

கசாப்புக்கடைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை ஆர்ச்சி மேசைமேல் வைத்தான்.

“நாலு துண்டு. நல்ல தொடைக்கறி. வெங்காயம் போட்டு வறுத்துடு. நாலு மணிக்கு அவர் வந்துடுவாரு.”

உனா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். திரும்பவில்லை.

“ரெண்டு துண்டு போதுமே. உனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு.”

“ஏன், உனக்கும் பையனுக்கும்?”

அப்போதுதான் திரும்பினாள். முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். நெற்றியின் நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு, சாம்பல் சிலுவை.

ஆர்ச்சி பொல்லாக்குக்கு அது புதிதில்லை. கல்யாணமான பதினாறு வருடமாக வருடத்துக்கு ஒருநாள் அந்தச் சாம்பலோடுதான் அவள் அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறாள். ஆனாலும் இன்று முதல்முறை பார்க்கிறவன் மாதிரி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னிக்கா?”

“இன்னிக்குத்தான். திருநீற்றுப் புதன்.”

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

“அப்போ நான் புதன்கிழமைன்னு சொன்ன அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“மீன் போட்ட காலண்டர் இந்தச் சுவத்துலதான தொங்கிட்டிருந்துச்சு. அதைக் கழட்டி அலமாரிக்குப் பின்னால சொருகினது யாரு? நானா?”

கோயிலில் கொடுக்கிற காலண்டர் அது. கறி தின்னக் கூடாத நாளுக்கெல்லாம் குட்டியாக ஒரு மீன் அச்சடித்திருப்பார்கள். கறி வாங்கும் முன் ஆர்ச்சிகூட அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவான். போன வியாழக்கிழமை அதைக் கழற்றினான். வாசல் பக்கத்துத் தீர்த்தக் கிண்ணத்தைக் கழற்றினான். போன வருடத்துக் குருத்தோலைச் சிலுவையை அகற்றினான். கடைசியாக, அடுப்புக்கு மேலே சிவப்பு விளக்கோடு இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தை இறக்கி, படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். படம் இருந்த இடத்தில் சுவர்த்தாள் வெளுக்காமல் பளிச்சென்று இருந்தது. அதை மறைக்க, அவன் வேலை செய்யும் பட்டறையில் கட்டிய கப்பல் ஒன்றின் புகைப்படத்தை மாட்டினான். கப்பல் போதவில்லை. சுற்றி நாலு பக்கமும் நாலு விரல் அகலத்துக்குப் புதுச் சுவர் தெரிந்தது.

கிளாஸ்கோவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. பச்சைக் கோடு போட்ட சட்டைக் கால்பந்துக் கிளப் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்களுடையது. நீலச் சட்டைக் கிளப் புரொட்டஸ்டண்டுகளுடையது. பச்சை யாரை வேண்டுமானாலும் ஆட்டத்துக்கு எடுக்கும். நீலம் கத்தோலிக்கப் பையனை எடுக்காது. எழுதி வைத்த சட்டம் கிடையாது. கேட்டால் அப்படி ஒன்றும் இல்லையே என்பார்கள். எந்த ஸ்கூல் என்று மட்டும் கேட்பார்கள். பதில் ‘செயிண்ட்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஆர்ச்சியின் மகன் கிரெய்க்குக்குப் பதினைந்து வயது. செயிண்ட் எண்டா ஸ்கூல். கோயிலில் வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டபோது, பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராகத்தான் வளர்ப்பேன் என்று ஆர்ச்சி சாமியாரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். அந்தக் கல்யாணத்துக்கு அவன் அப்பா வரவில்லை. அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் சனிக்கிழமை சனிக்கிழமை நீல ஆட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் அவன் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினாறு வருடமாக அவன் தனியாகப் போய், தனியாக நின்று பார்த்துவிட்டு வருகிறான். இப்போது அந்த நீலக் கிளப்புக்குப் பையன்களைத் தேடிப் பிடிக்கிற டன்பார், கிரெய்க் விளையாடுவதை நாலு ஞாயிறு நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வருகிறேன், கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

“உனா,” என்று குரலைத் தணித்தான் ஆர்ச்சி. “அதைத் துடைச்சுடு.”

“ஸ்கார்ஃப் கட்டிக்கறேன்.”

“வீட்டுக்குள்ள யாரு ஸ்கார்ஃப் கட்டுவா?”

“வேலை செய்யறவ கட்டுவா. ஆனா ஒண்ணு. நானா எதுவும் சொல்ல மாட்டேன். என் முகத்தைப் பாத்துக் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். என் பையன் ஆசைக்குக் குறுக்க நான் நிக்கல. சுவத்துல இருந்தவரை இறக்கி நீ கட்டிலுக்கு அடியில தள்ளினப்போகூட நான் ஒண்ணும் சொல்லல.”

“எல்லாம் அவனுக்காகத்தான்.”

“அவனுக்காக மட்டுமா?”

ஆர்ச்சி சட்டைக் கையை மடித்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தான்.

மூன்றரைக்கு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கிரெய்க் உள்ளே வந்து, புத்தகப் பையை ஒரு மூலையில் எறிந்தான். நெற்றியில், அம்மாவுக்கு இருப்பதைவிடப் பெரிய சாம்பல்.

“ஃபாதர் இன்னிக்குக் கரிமூட்டையையே கவுத்துட்டாரு அம்மா. வகுப்புல எல்லாரும் சுரங்கத்துலேருந்து ஏறி வந்த மாதிரி இருக்கோம்.”

“கழுவு,” என்றான் ஆர்ச்சி.

பையன் அம்மாவைப் பார்த்தான்.

“கழுவிக்கோடா,” என்றாள் உனா. “கழுவக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. இன்னிக்குப் பிரசங்கத்துலயே சாமியார் முகத்தைக் கழுவிட்டுச் சாதாரணமா இருங்கன்னுதான் சொன்னாரு. வா.”

தொட்டியருகே நிறுத்தி, ஈரத்துணியால் அவளே துடைத்தாள். சாம்பல் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. ஒரே துடைப்பில் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்ததில் நெற்றி சிவந்துவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது இந்த நெற்றியில் சாமியார் தண்ணீர் ஊற்றியது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று வீல் வீல் என்று கத்தினான். இன்று வாயைத் திறக்கவில்லை.

பின்னாலிருந்து ஆர்ச்சி பாடம் ஒப்பிக்க வைத்தான்.

“ஸ்கூல் பேரு கேட்டா?”

“ஹேகில் அகாடமி.”

“சாப்பாட்டுக்கு முன்னாடி?”

“கை மேசைக்கு அடியில இருக்கணும்.”

“மைதானத்துக்குள்ள காலை வைக்கறப்போ?”

கிரெய்க் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டான்.

“கிரெய்க்.”

“அது தானா வந்துடுதுப்பா. கோட்டைத் தாண்டினதும் சிலுவை போட கை தானா நெத்திக்குப் போயிடுது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுப் பாத்தேன். ஆட்டமே வரல. ரெண்டு பந்து வீணாப் போச்சு.”

“பழகிக்கலாம்.”

“உனக்கு நிஜமாவே ஆசையாடா?” என்று கேட்டாள் உனா. “அப்பாவுக்காகச் சொல்லாத.”

“ஆசைதாம்மா. யாரா இருந்தா என்ன, கூப்பிட்டது அவங்கதானே? பச்சைக்காரங்க என்னை எட்டிக்கூடப் பாக்கல.” பிறகு மெதுவாக, “டெக்லன் மாமா என்ன சொல்வாரு?” என்றான்.

உனாவின் தம்பி டெக்லன் மேல்மாடியில் இருக்கிறான். பச்சை என்றால் உயிர். நீலச் சட்டையைக் கொடியில் காயப்போட்ட வீட்டுக்காரி கொடுத்தால் சர்க்கரைகூட வாங்கமாட்டான். வருகிற சனிக்கிழமை பச்சைக்கும் நீலத்துக்கும் ஆட்டம். அந்த வாரம் முழுக்க அவனும் ஆர்ச்சியும் ஒரே மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

“அவன் ஆறு மணி வரைக்கும் டிப்போவுல இருப்பான்,” என்றான் ஆர்ச்சி. “அவனுக்கு அப்புறமா சொல்லிக்கலாம்.”

கதவு தட்டும் சத்தம். உனா அவசரமாக ஸ்கார்ஃபை எடுத்து, புருவம் வரைக்கும் இழுத்துக் கட்டினாள்.

டன்பார் ஒல்லியான மனிதர். மழையில் நனைந்த மேல்கோட்டு, நீல டை, புட்டி அடிமாதிரி தடித்த மூக்குக்கண்ணாடி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “வீடு கதகதப்பா இருக்கும்மா,” என்றார். ஆர்ச்சி ஜன்னலோரத்து நாற்காலியைக் காட்டினான். டன்பார் அங்கே உட்காரவில்லை. மேசையைச் சுற்றி வந்து, அடுப்புக்கும் கப்பல் படத்துக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஒருவர் வீட்டுக்கு வந்தால் நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார்களே, அந்தப் பார்வைகூட இல்லை. உனாவுக்கு அது என்னமோபோல் இருந்தது.

“தம்பி, போன ஞாயிறு உன் ரெண்டாவது கோல். மூணு பேரைத் தாண்டிட்டு அடிச்சியே. உள்ளே போகும்னு தெரிஞ்சுதான் அடிச்சியா, குருட்டு அதிர்ஷ்டமா?”

“கோலி இந்தப் பக்கம் சாயறான்னு பாத்தேன் சார். அவனுக்கு வலது முட்டியில கட்டு போட்டிருந்துச்சு.”

“கேட்டியா ஆர்ச்சி? முட்டியில கட்டு. எனக்கே அது தெரியல.” டன்பார் தேநீரை உறிஞ்சினார். “இடது கால் ரொம்பப் பிரமாதம். கால் மட்டும்தானே இடது?”

ஆர்ச்சி தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தான். இந்த ஊரில் கத்தோலிக்கனை ‘இடதுகால்காரன்’ என்றுதான் கேலி பேசுவார்கள். கிரெய்க் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உனா கறியைப் பரிமாறினாள். நாலு தட்டு. நாலு துண்டு. வெங்காயமும் கொழுப்பும் மணத்தன. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிற்றில் அந்த மணம் போய்க் குத்தியது.

“அம்மா நீங்களும் உக்காருங்க.”

“நீங்க சாப்பிடுங்க. அடுப்புல வேலை இருக்கு.”

டன்பாரும் ஆர்ச்சியும் சாப்பிட ஆரம்பித்தார்கள். கிரெய்க் உருளைக்கிழங்கைத் தின்றான். பட்டாணியைத் தின்றான். ஒவ்வொன்றாக முள்கரண்டியில் குத்தி, எண்ணுகிறவன்போல் தின்றான். கறித்துண்டு தட்டில் அப்படியே கிடந்து, கொழுப்பு உறைந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது. ஆர்ச்சி மேசைக்கு அடியில் பையனின் காலை இடித்தான். கிரெய்க் கத்தியை எடுத்தான். ஒரு ஓரத்தை வெட்டினான். முள்கரண்டியில் குத்தினான். வாயருகே கொண்டுபோனான்.

உனா அடுப்பருகே நின்றாள். தின்றுவிடடா, ஒரு வாய்தானே என்று ஒரு மனம். தின்னாதே என்று ஒரு மனம். இரண்டும் அவளுடையதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்தது. தட்டாமல் திறக்கிறவன் இந்த உலகத்திலேயே ஒருத்தன்தான்.

“உனா, டிப்போவுல இன்னிக்கு சீக்கிரமே விட்டுட்டாங்க. மீன்கடையில வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது. ஊர்ல பாதிப் பேருக்கு இன்னிக்கு மீனுதான். உனக்கும் பையனுக்கும் சேத்து வாங்கிட்டேன். ரெண்டு பேரும் காலையிலேருந்து வயித்தைக் காயப் போட்டுட்டு...”

டெக்லன் பாதியில் நின்றான். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம், வினிகர் வாசனை. கழுத்தில் பச்சை வெள்ளை மஃப்ளர். நெற்றியில் சாம்பல். அவன் கண் முதலில் நீல டையில் விழுந்தது. அப்புறம் தட்டில் கிடந்த கறியில். அப்புறம் சுவரில் இருந்த கப்பலில்.

“ஓ,” என்றான். “துரை வந்திருக்காரா.”

“டெக்லன், மேல போ,” என்றான் ஆர்ச்சி. “அப்புறம் பேசிக்கலாம்.”

“எங்க அக்கா வீட்டுக்கு நான் வந்தேன் மச்சான். உன் வீட்டுக்கு இல்ல.”

டன்பார் அவசரப்படவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

“ஆவி படிஞ்சிடுச்சு. இது இல்லன்னா எனக்கு எதிர்ல யானை நின்னாலும் தெரியாது.”

“என் நெத்தியுமா தெரியல?” என்றான் டெக்லன்.

“நெத்தியா? எதிர்ல நிக்கறது ஆளா அலமாரியான்னே தெரியல தம்பி.”

“அலமாரிதான் சார். பச்சைப் பெயிண்ட் அடிச்ச அலமாரி.”

யாரும் சிரிக்கவில்லை. டன்பார் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். உனா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்ததும், சுவரைப் பார்க்காததும், இந்தத் துடைப்பும் எல்லாம் சேர்ந்து அவளுக்கு விளங்கிவிட்டது.

“மிஸ்டர் டன்பார். உங்களுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். அப்படித்தானே?”

“உனா,” என்றான் ஆர்ச்சி.

“நீ சும்மா இரு. நான் அவரைக் கேக்கறேன்.”

டன்பார் கண்ணாடி இல்லாத கண்களை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினார். கண்ணாடி இல்லாமல் அந்த முகம் வயதானதாக, கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

“எனக்குத் தெரியறது வேறம்மா, நான் பாக்கறது வேற. இந்தத் தெருவுல எந்த வீட்டுப் பொண்ணு எங்க கல்யாணம் பண்ணிக்கிச்சுன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கு மேல இருக்கறவங்க ‘அந்த வீட்டுல என்ன பாத்தே’ன்னு கேப்பாங்க. ஒண்ணும் பாக்கலன்னு நான் உண்மையாவே சொல்லணும். நான் சர்ச்சுல மூப்பர். பொய் சொல்ல எனக்கு வராது.”

“உங்களுக்குப் பொய் வராதுன்னு என் பையன் முகத்தைக் கழுவினேனா நான்?”

“எனக்கு அவன் கால் போதும்மா. மத்தவங்களுக்கு ஒரு ஸ்கூல் பேரு வேணும். ஈஸ்டர் லீவு முடிஞ்சதும் ஹேகில் அகாடமிக்கு மாத்தறதா ஆர்ச்சி சொல்லியிருக்காரு. அது நடந்துட்டா ஃபாரத்துல இருக்கறதும் பொய்யில்ல.”

உனா ஆர்ச்சியைப் பார்த்தாள். ஆர்ச்சி கத்தியை நேராக வைத்தான், முள்கரண்டியை நேராக வைத்தான்.

“மாத்தறதா?”

“ஹெட்மாஸ்டரைப் போய்ப் பாத்தேன்,” என்றான் அவன். “சும்மா கேட்டுதான் வச்சிருக்கேன்.”

“பேஷ்,” என்றான் டெக்லன். “படத்தை இறக்கியாச்சு, மூஞ்சியக் கழுவியாச்சு, ஸ்கூலையும் மாத்தியாச்சு. பேரு மட்டும் ஏன் பாக்கி? அதையும் மாத்திடு மச்சான். எங்க கிளப்புல கதவு திறந்துதான் இருக்கு. யார் முகத்தையும் கழுவச் சொல்ல மாட்டாங்க.”

“உங்க கதவு திறந்துதான் இருக்கு. வெளிய வந்து என் பையன் ஆட்டத்தை ஒருத்தன் பாத்தானா? நாலு ஞாயிறு மழையில நின்னது இவருதான்.”

“பாக்கலன்னா பாக்கல. அதுக்காகப் போய்...” டெக்லன் பொட்டலத்தை மேசைமேல் வைத்தான். “கிரெய்க், கேட்டுக்கோ. அந்தச் சட்டையைப் போட்டுட்டு என் படி ஏறாத. நீ கோல் அடிச்சா என் பக்கத்துல நிக்கறவன் உன் அம்மாவைப் பத்தி என்ன பாடுவான்னு உனக்குத் தெரியாது. அதை நான் நின்னு கேக்கணும். ஒருவேளை நானும் சேந்து பாடுவேன். என்னை நம்பாத.”

“பாடுவியாடா?” என்றாள் உனா.

“முப்பது வருஷமாப் பாடிட்டிருக்கேன். வாய் தானா பாடும்.”

டன்பார் கண்ணாடியை மாட்டவில்லை. உள்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, தடவிப் பார்த்து, பையன் இருந்த பக்கமாக நகர்த்தினார். பேனாவையும் மேலே வைத்தார்.

“நான் இன்னும் ஒண்ணும் பாக்கல,” என்றார். “தம்பி, நீ போடு. பெத்தவங்க போடட்டும். நான் கண்ணாடியை மாட்டறப்போ இந்த மேசைமேல காகிதம் மட்டும் இருக்கணும்.”

“போடு கிரெய்க்,” என்றான் ஆர்ச்சி. “போடுடா.”

கிரெய்க் பேனாவை எடுத்தான். மூடியைத் திறந்தான். பேரை எழுதினான். பிறந்த தேதியை எழுதினான். மூன்றாவது கோட்டில் நின்றான்.

“சார், ஒண்ணு கேக்கவா?”

“கேளு.”

“நான் மைதானத்துக்குள்ள போறப்போ சிலுவை போடுவேன். நிறுத்திப் பாத்தேன், முடியல. அதையும் நீங்க பாக்காம இருப்பீங்களா?”

டன்பார் கையிலிருந்த கண்ணாடியைத் தடவினார்.

“நான் பாக்காம இருப்பேன் தம்பி. மிச்சம் அம்பதாயிரம் பேர் பாப்பாங்களே. அத்தனை பேரு கண்ணாடியையும் யாரு கழட்டறது?”

கிரெய்க் தலையை ஆட்டினான். கணக்குப் பாடத்தில் விடை சரியாக வந்ததும் ஆட்டுவதுபோல. அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமாவையும் பார்க்கவில்லை. குனிந்து மூன்றாவது கோட்டில் எழுதினான். எழுதி முடித்துக் காகிதத்தைத் திருப்பி டன்பார் கைக்கு அடியில் வைத்தான்.

“கண்ணாடியை மாட்டிக்கோங்க சார்.”

டன்பார் மாட்டினார். படித்தார். மறுபடி படித்தார்.

“செயிண்ட் எண்டா,” என்றார்.

“அதான் என் ஸ்கூல்.”

“இப்படி எழுதினா இந்தக் காகிதம் முதல் மேசையைத் தாண்டாது தம்பி.”

“தெரியும் சார். வேற பேரு எழுதி நான் உள்ளே வந்தா, என்னிக்காவது ஒருநாள் கை நெத்திக்குப் போகும். அன்னிக்கு எல்லாருமாச் சேந்து துரத்துவாங்க. இப்போ வேண்டாம்னு சொன்னா, கால் சரியில்லன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?” குரல் கடைசியில் கீச்சென்று ஏறி உடைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். “கொண்டுபோய் அவங்ககிட்ட குடுங்க. திருப்பி அனுப்பறதா இருந்தா அவங்களே அனுப்பட்டும்.”

டன்பார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தொப்பியை எடுத்தார். “கறி நல்லா இருந்துச்சும்மா,” என்றார் உனாவிடம். வாசலில் நின்று, டெக்லனின் நெற்றியை நேராகப் பார்த்துத் தலையைக் குனிந்துவிட்டு இறங்கிப் போனார். ஆர்ச்சி கோட்டுகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினான்.

கல் படிக்கட்டில் பேசினால் மூன்று மாடிக்கும் கேட்கும்.

“ஒரு வாரம் குடுங்க சார். நான் பேசிப் பாக்கறேன். சின்னப் பையன், புரியாம எழுதிட்டான்.”

“புரிஞ்சுதான் எழுதினான் ஆர்ச்சி.”

“வேற ஃபாரம் இருக்கா? அதைக் குடுங்க, நானே எழுதறேன்.”

“நான் பாத்துட்டேன்பா. பாத்ததை எப்படிப் பாக்கலன்னு சொல்ல?”

கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆர்ச்சி உடனே மேலே வரவில்லை.

கிரெய்க் மேசைக்கு அடியிலிருந்து பந்தை எடுத்தான். டெக்லன் மீன் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். “சூடு ஆறிடும்டா. ஒரு வாய்.”

“நீங்களே சாப்பிடுங்க மாமா. ஜெயிச்சது நீங்கதானே.”

“நான் என்ன ஜெயிச்சேன்?”

“அதையே தின்னுட்டு யோசிங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் பின்முற்றத்துக்குப் போனான். டெக்லன் பொட்டலத்தை மறுபடி சுற்றினான். அப்புறம் மஃப்ளரைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு மாடியேறிப் போனான்.

உனா ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். தட்டுகளைத் தொட்டியில் போட்டாள். ஒரு வாய் அளவுக்கு ஓரம் வெட்டின கறியை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தபோது ஆர்ச்சி உள்ளே வந்தான். சட்டை தோளோடு நனைந்திருந்தது. அவள் நெற்றியைப் பார்க்காமல் நேராக அலமாரிக்குப் போனான். பின்னால் கையை விட்டுத் துழாவி, தூசி தட்டிக் காலண்டரை எடுத்தான். பழைய ஆணியிலேயே மாட்டினான். இந்த மாதத்துப் பக்கத்தைத் தேடி, விரலை வைத்து, இன்றைய தேதிக்குக் கீழே இருந்த குட்டி மீனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இது மட்டும் இங்க இருந்திருந்தா,” என்றான், “அவரை நேத்து வரச் சொல்லியிருப்பேன்.”

“நேத்து வந்திருந்தா?”

“எல்லாம் முடிஞ்சிருக்கும். பையன் கறி தின்னிருப்பான். டெக்லன் மீன் கொண்டு வந்திருக்க மாட்டான்.”

“அவர் செவ்வாய்க்கிழமை வந்திருந்தா, மறுநாள் புதன்கிழமை வராமப் போயிருக்குமா ஆர்ச்சி?”

பின்முற்றத்துச் சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்டது. சீராக, நிறுத்தாமல். அது இடது காலால் அடிக்கிற சத்தம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆர்ச்சி ஜன்னல் பக்கம் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் படம் கிடந்த அறை வாசலில் போய் நின்றான். குனியவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.